மாவள் நாட்டில் ஒரு பகல்

வாகட்டில் வாழும் நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு மேற்குத் திசை என்பது ஹிஞ்சவடியோடு முடிந்துபோகிறது. காலையில் அலுவலகத்திற்குச் செல்லும் திசை அது. மாலையில் வாகன நெரிசலில் சிக்கி, களைத்துத் திரும்பும் திசையும் அதுவே. அதற்கு அப்பாலும் பூமி உண்டு, அங்கே நெல் விளைகிறது என்று சொன்னால் நம் குழந்தைகள் வியந்து நோக்குகின்றனர். நெல் என்றால் அவர்களுக்குத் தஞ்சாவூர். அதுவும் கோடை விடுமுறையில் இரயில் சன்னல் வழியே காணும் தஞ்சாவூர். அப்பொழுது அங்கே வயல்களில் நெல் இருப்பதில்லை!

ஆகவே சென்ற புரட்டாசியில், நவராத்திரி தொடங்கிய வாரத்துச் செவ்வாய்க்கிழமையன்று, வீட்டார் பணிக்கும் பள்ளிக்கும் சென்ற பின்னர், சிறிய காரை எடுத்துக்கொண்டு நாம் மட்டும் புறப்பட்டோம். 'நாம்' என்று எழுதுவது இப்பகுதியின் வழக்கமேயன்றி, வண்டியில் இருந்தது ஓர் ஆள்தான் என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்க. தனியே செல்வதில் ஒரு வசதி உண்டு. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். எதற்காக நிறுத்தினோம் என்று எவருக்கும் விளக்கம் கூற வேண்டுவதில்லை.

வழியை முதலிலேயே கூறிவிடுகிறோம். வாகட்டிலிருந்து கிவளே, அங்கிருந்து விரைவுச் சாலையில் ஏறாமல் பழைய மும்பாய்ச் சாலையில் சோமாட்டணே, தளேகாவ், வட்காவ், காம்ஷேத். காம்ஷேத்தில் இடப்புறம் திரும்பி பேட்சே, பவனாநகர். பின்னர் திகோனாக் கோட்டையின் அடிவாரம் வழியாகக் கோள்வண் பள்ளத்தாக்கில் இறங்கி, பௌட், கோட்டவடே, மாண், ஹிஞ்சவடி, மீண்டும் வாகட். வட்டமாகச் சுற்றி வந்தால் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மிகும். அவசரக்காரர் மூன்று மணி நேரத்தில் முடித்துவிடுவர். நமக்கு ஒரு பகல் முழுதும் ஆயிற்று.

2002-ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்பட்ட மும்பாய்–புனே விரைவுச் சாலை 94.5 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதில் செல்வோர் மாவள் நாட்டைக் கடக்கின்றனரே தவிரக் காண்பதில்லை. பழைய சாலையோ ஊர்களின் நடுவே செல்கிறது. வட்காவில் 1779-ஆம் ஆண்டு சனவரியில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை மராட்டியரிடம் சரணடைந்து உடன்படிக்கை எழுதிக் கொடுத்தது. அவ்வெற்றியில் பெரும் பங்கு கொண்ட மகாதஜி சிந்தேயின் நினைவுச் சின்னம் அங்கே உள்ளது. பள்ளிப் பாடத்தில் இப்போர் அரை வரியில் முடிந்துவிடும். ஊராருக்கு இன்றும் அது பெருமை.

ஆயினும் வட்காவில் நாம் வண்டியை நிறுத்தியது போருக்காக அன்று, அரிசிக்காக. அவ்வூரில் ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம் வீடுகளில் பலவற்றிலும் இன்று வேகும் 'இந்திராயணி' அரிசி 1987-இல் அங்கிருந்துதான் வெளியிடப்பட்டது. அதன் பிறப்பு வரலாறு சுவையானது. மாவளிலும் முள்ஷியிலும் தொன்றுதொட்டுப் பயிராகிவந்தது 'ஆம்பேமோஹர்' என்னும் நெல். மராத்தியில் இச்சொல்லுக்கு மாம்பூ என்று பொருள். சோறு பொங்கும்போது மாம்பூவின் மணம் தெருவரை வரும் என்பர். ஆனால் அப்பயிர் உயரமானது, காற்றுக்குச் சாய்ந்துவிடும், விளைச்சலும் குறைவு. ஆராய்ச்சியாளர்கள் ஆம்பேமோஹர் 157 என்ற வகையை ஐ.ஆர்.8 என்னும் குட்டை நெல்லோடு கலந்தனர். பிறந்தது இந்திராயணி. தேஹுவிலும் ஆளந்தியிலும் துக்காராமும் ஞானேசுவரரும் கண்ட ஆற்றின் பெயரையே நெல்லுக்கும் சூட்டினர்.

ஐ.ஆர்.8 தமிழருக்குப் புதியதன்று. 1966-இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் வெளியான அந்நெல்லை விதைத்துப் பெருவிளைச்சல் கண்ட வட ஆற்காட்டு உழவர் ஒருவர், தம் மகனுக்கே அந்நெல்லின் பெயரைச் சூட்டினார் என்பது பத்திரிகைகளில் வந்த செய்தி. ஆக, நம் ஊரில் ஒரு பிள்ளைக்குப் பெயர் தந்த நெல், இங்கே மாம்பூ மணத்தோடு சம்பந்தம் செய்துகொண்டிருக்கிறது. இந்திராயணி குழைகிறது, ஒட்டுகிறது என்று நம் பெண்மணிகள் குறை கூறுவதுண்டு. குழம்புச் சோற்றுக்கு அது சற்று ஒவ்வாததுதான். தயிர்ச் சோற்றுக்கும் வெண்பொங்கலுக்கும் அதனை மிஞ்ச வேறொன்றில்லை என்பது நம் தீர்ப்பு.

காம்ஷேத்தைத் தாண்டித் தெற்கே திரும்பியதும் சாலை குறுகியது. இருமருங்கும் பச்சை. தஞ்சைத் தரணியைப் போலக் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும் சமவெளி அன்று இது. மலைச்சரிவு படிப்படியாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு படியும் ஒரு சிறு வயலாக இருக்கிறது. 'காசர்' என்று இவ்வயல்களைச் சொல்கின்றனர். சில காசர்கள் நம் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தைவிடப் பெரியவையல்ல. இங்கே வாய்க்கால் பாசனம் குறைவு. மேல் வயலில் நிறைந்த மழைநீர் வரப்பு மடையின் வழியே கீழ் வயலுக்கு இறங்குகிறது. மேல்வயல்காரன் மடையை அடைத்தால் கீழ்வயல்காரனுக்கு நீர் இல்லை. ஆதலால் இங்கே அண்டை வயல்காரரோடு பகைத்துக்கொண்டு பயிரிட முடியாது. வயலாகாத உயர்ந்த சரிவுகளில் கேழ்வரகு நிற்கிறது, 'நாச்ணி' என்பர். அதற்கும் மேலே, புல்வெளி முழுதும் 'சோன்கி' என்னும் மஞ்சள் பூ.

நாற்று விடும் முறையும் வேறு. மழைக்கு முன்னர், கோடையில், நாற்றங்காலின்மீது சாணமும் சருகும் தழையும் பரப்பித் தீயிடுகின்றனர். இதற்கு 'ராப்' என்று பெயர். களைவிதை கருகிவிடும், சாம்பல் உரமாகும் என்பது கருத்து. ஆனியில் விதைத்து, ஆடியில் கொட்டும் மழையில் நட்டு, ஐப்பசி கார்த்திகையில் அறுத்துவிடுவர். நம் ஊரில் தைப்பொங்கலுக்கு வரும் புத்தரிசி இங்கே தீபாவளியை ஒட்டியே வந்துவிடுகிறது. நாம் சென்றபோது கதிர் பால் பிடித்து முற்றத் தொடங்கியிருந்தது. சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தோம். பின்னால் வந்த பால்காரர் ஒருவர் இரண்டு முறை ஒலி எழுப்பிவிட்டு, நம்மைத் திருத்த இயலாது என்று கண்டு முந்திச் சென்றார்.

வழியில் எதிர்ப்பட்ட எருதுகளின் கொம்புகளில் வண்ணம் பூசியிருந்தது. மகாராட்டிரத்தின் பிற பகுதிகளில் எருதுகளுக்கான 'போளா' திருவிழா ஆவணி அமாவாசையை ஒட்டி வரும். புனே வட்டாரச் சிற்றூர்களிலோ ஒரு திங்கள் கழித்து, நாம் மகாளய அமாவாசை என்று தர்ப்பணம் செய்யும் அந்நாளில் கொண்டாடுகின்றனர். நமக்கு முன்னோர் நாள். அவர்களுக்கு மாட்டுப் பொங்கல்! டிராக்டர் வந்தபின் எருது வைத்திருப்போர் குறைந்துவிட்டனர். ஆயினும் இச்சிறு படிவயல்களில் பெரிய டிராக்டர் திரும்ப இடமில்லாமையால், எருது இன்னும் முற்றிலும் விடைபெறவில்லை.

பேட்சே குகைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். சுமார் 400 படிகள் ஏற வேண்டும். கி.மு. முதல் நூற்றாண்டைச் சார்ந்த பௌத்தக் கோயில்; பாறையைக் குடைந்தது. வாயில் தூண்களின் உச்சியில் குதிரைமீதும் யானைமீதும் அமர்ந்த ஆண் பெண் உருவங்கள் உள்ளன. கார்லாவில் உள்ள கூட்டம் இங்கே இல்லை. அன்று அங்கே இருந்தவர்கள் நாமும் ஒரு காவலரும் மட்டுமே. மேலிருந்து பார்த்தால் கீழே முழுப் பள்ளத்தாக்கும் தெரிகிறது. இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்னர் இத்துறவிகளுக்கு உணவிட்ட உழவர்களின் வயல்களும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

பகலுணவு பவனாநகரில் ஒரு சிறு உணவகத்தில். அரிசிமாவுப் பாக்கரி, கடலைமாவில் செய்த பிட்லே, பச்சைமிளகாயை இடித்த தேச்சா, பின்னர் ஒரு கிண்ணம் இந்திராயணிச் சோறு. பரிமாறிய அம்மையார், "சாவகாசமாகச் சாப்பிடுங்கள், காகா," என்று இருமுறை சொன்னார். வாகட்டில் நமக்கு அப்படி எவரும் சொல்வதில்லை.

பவனாநகரில்தான் அணை இருக்கிறது. 1972 முதல் நீரைத் தேக்கும் இவ்வணையின் கொள்ளளவு சுமார் 8.5 டி.எம்.சி. ஆகும். ஏரி நிறைந்து கிடந்தது. நீருக்கு அப்பால் துங், திகோனா, லோஹகட் என்னும் கோட்டைகள். 1665-இல் புரந்தர் உடன்படிக்கையின்படி சிவாஜி முகலாயருக்கு விட்டுக்கொடுத்த 23 கோட்டைகளில் இவையும் அடங்கும். காட்சி அழகியது என்பதில் ஐயமில்லை. கரையோரம் வரிசை வரிசையாக வண்ணக் கூடாரங்கள். வார இறுதியில் நம்மூர் இளைஞர்கள் வந்து தங்கி, பாட்டு வைத்து, நெருப்பு மூட்டிக் களிக்கும் இடங்கள் அவை. செவ்வாய்க்கிழமையாதலால் ஆளின்றிக் கிடந்தன.

ஏரியைச் சுற்றிச் செல்லும் சாலையில், ஒரு வயலோரத்தில் வண்டியை நிறுத்திக் கதிரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வயலுக்குரிய முதியவர் வந்தார். எழுபது வயதைக் கடந்தவர். "எங்கிருந்து, சாஹேப்?" என்று வினவினார். வாகட் என்றோம். அவர் சிரித்தார். "எங்கள் தண்ணீர் நாள்தோறும் உங்கள் ஊருக்கு வருகிறது. உங்கள் ஊரிலிருந்து ஒருவர் இன்றைக்கு எங்களைப் பார்க்க வந்திருக்கிறீர்கள்," என்றார். கேலியாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார்.

அவர் கூறியது உண்மை. அணையிலிருந்து ஆற்றில் விடப்படும் நீரை ராவேத்தில் உள்ள தடுப்பணையிலிருந்து எடுத்து, நிக்டியில் சுத்திகரித்து, பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி நமக்கு வழங்குகிறது. நம் சமையலறைக் குழாயில் வருவது பவனை. இடையில் உள்ள சிற்றூர்கள் அதே ஆற்றில் மோட்டார் வைத்து வயலுக்கு நீர் இறைக்கின்றன. அணையிலிருந்து நிக்டி வரை மூடிய குழாயிலேயே நீரைக் கொண்டுசெல்ல மாநகராட்சி திட்டமிட்டபோது, ஆறு வற்றிவிடும் என்று மாவள் உழவர்கள் அஞ்சினர். 2011-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் பவுர் என்ற ஊரருகே விரைவுச் சாலையை மறித்தனர். காவல்துறை சுட்டதில் மூவர் மாண்டனர். அவருள் ஒருவர் பெண். திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. அதே விரைவுச் சாலையில் நாம் எத்தனையோ முறை மும்பாய்க்குச் சென்றிருக்கிறோம். அவ்விடத்தைக் கடக்கும்போது வண்டியின் வேகம் குறைவதில்லை.

மறுபக்கத்தையும் எழுதாமல் விடுவது முறையன்று. 2019 நவம்பர் முதல் நம் மாநகராட்சி ஒன்றுவிட்டு ஒரு நாள் நீர் வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. லாரித் தண்ணீருக்கு ஒவ்வொரு குடியிருப்பும் செலவிடும் தொகையை நம் உறுப்பினர்கள் அறிவர். ஆற்றில் திறந்தவாறு வரும் நீரில் ஒரு பகுதி வழியில் வீணாகிறது, அழுக்கும் சேருகிறது என்று மாநகராட்சி கூறுவதும் பொய்யன்று. இரண்டு நியாயங்கள் மோதும்போது எதன் பக்கம் நிற்பது என்று கேட்டால், கதிர் முற்றும் வேளையில் வயலுக்கு நீரில்லாமற் போவது நம் மாடியில் ஒரு நாள் குழாய் வறள்வதினும் கொடியது என்றே நாம் சொல்வோம். மாறுபடும் அன்பர்கள் எழுதலாம்.

முதியவரின் தந்தைக்கு இருந்த நல்ல வயல்கள் ஏரிக்கு அடியில் இருக்கின்றனவாம். இப்பொழுது பயிரிடுவது மேட்டில் எஞ்சியது. பவனை அணையால் நிலம் இழந்தவர்களிற் பலர், அரை நூற்றாண்டு கடந்தும், மாற்று நிலம் கேட்டுப் போராடிவருகின்றனர். கோடையில் நீர் வடியும்போது, மூழ்கிய வாகேசுவரர் கோயில் வெளியே வருமாம். அப்பொழுது ஊரார் சென்று வழிபடுகின்றனர். இதைக் கேட்டதும் நமக்கு மேட்டூர் நினைவுக்கு வந்தது. 1934-இல் கட்டி முடித்த அவ்வணையிலும் நீர் இறங்கினால் பண்ணவாடியில் சலகண்டேசுவரர் கோயிலின் நந்தி தலை காட்டும். அதைச் சொன்னோம். "உங்கள் பக்கத்திலும் அப்படியா?" என்று கேட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

வயலில் முக்கால் பங்கு இந்திராயணி, விற்பனைக்கு. கால் பங்கு ஆம்பேமோஹர், வீட்டுக்கு. ஆம்பேமோஹருக்கு விலை மிகுதியாயிற்றே என்றோம். "பேரப்பிள்ளைகள் அந்த மணத்தை அறிய வேண்டாமா?" என்றார். மகன் கூடாரம் வைத்திருக்கிறானாம். ஒரு வார இறுதியில் அவன் ஈட்டுவது, தாம் ஒரு போகத்தில் காண்பதற்குக் குறைந்ததில்லை என்று சொன்னார். அதில் வருத்தமும் இருந்தது. சற்றே பெருமையும் இருந்ததாக நமக்குப் பட்டது.

அவருடைய வயலுக்கு அடுத்த நிலத்தில் சுற்றுச்சுவர் எழுந்து, உள்ளே பசும்புல் விரித்த ஒரு பங்களா. இதுபோன்றவை வழி நெடுகிலும் உண்டு. 'ஏரிப் பார்வையுடன் பண்ணை மனை' என்னும் விளம்பரங்கள் நம் உறுப்பினர்களுக்கும் வருகின்றன. அவர்கட்கு ஒரு சொல்: விளைநிலத்தை உழவரல்லாதார் வாங்க மகாராட்டிரச் சட்டம் பொதுவாக இடந்தருவதில்லை. பத்திரம் பார்க்காமல் பணம் கொடுத்துவிட்டுப் பின்னர் சங்கத்தில் வந்து வழக்கறிஞரைத் தேட வேண்டாம். இங்கே நிலத்தைக் 'குண்டா' என்று அளப்பர். 40 குண்டா ஓர் ஏக்கர். ஒரு குண்டா நம் கணக்கில் இரண்டரை சென்ட்.

சுவர் எழுப்புவோரைக் குறை கூறும்போது நம் காலடியையும் பார்க்க வேண்டும். 1997-இல் மாநகராட்சியோடு இணையும் வரையில் வாகட்டும் ஒரு சிற்றூரே. சைத்திரப் பௌர்ணமியில் ஹிஞ்சவடியிலிருந்து பகாட் ஊர்வலம் வந்து சேரும் ம்ஹாத்தோபா கோயிலும், அதைச் சுற்றிய பழைய வீடுகளும் அதற்குச் சான்று. தத்தமந்திர் சாலையின் இருபுறமும் இன்று நாம் குடியிருக்கும் அடுக்குகள் விளைநிலத்தின்மேல் நிற்பவைதாம்.

திகோனாவின் அடிவாரத்தைக் கடந்து கோள்வண் பக்கம் இறங்கியபோது மாலை வெயில் சாய்ந்திருந்தது. முக்கோணம் என்பதே 'திகோனா'வாயிற்று, பெயருக்கேற்ற வடிவம். இப்பகுதிக்கு முள்ஷி என்று பெயர். வயல்களின் நடுவே வெண்ணிறப் பந்தல்கள் தோன்றின. ரோசாப் பூ வளர்க்கும் பசுமைக் குடில்கள் அவை. பிப்ரவரி 14-க்காக மாவள் ரோசாக்கள் வெளிநாடுகளுக்கு விமானம் ஏறுகின்றன. நெல்லைவிடப் பூவுக்கு நிலம் குறைவு; முதலும் கவலையும் மிகுதி.

பௌடிலிருந்து மேற்கே சென்றால் முள்ஷி அணை. நாம் கிழக்கே திரும்ப வேண்டியிருந்தமையால் அங்கே போகவில்லை. ஆயினும் அதன் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும். மும்பாய்க்கு மின்சாரம் எடுக்க டாட்டா நிறுவனம் முள்ஷியில் அணை கட்ட முற்பட்டபோது, ஐம்பதுக்கு மேற்பட்ட சிற்றூர்களின் நெல்வயல்கள் மூழ்கும் நிலை வந்தது. 1921-இல் உழவர்கள் சத்தியாக்கிரகம் தொடங்கினர். தலைமை தாங்கிய பாண்டுரங்க மகாதேவ பாபட்டுக்குச் 'சேனாபதி' என்னும் பட்டம் அப்போராட்டத்தால் வந்ததே. அணைக்கெதிரான உலகின் முதற் போராட்டங்களுள் ஒன்றென்று இதனைக் கூறுவர். போராட்டம் தோற்றது, அணை எழுந்தது. கிழக்கே பாய வேண்டிய மூளா ஆற்றின் நீர், மலையைக் குடைந்து மேற்கே பீராவுக்கு இறக்கப்பட்டு, மின்சாரம் தந்தபின் அரபிக்கடலை அடைகிறது. நம் முல்லைப் பெரியாற்றில் இதற்கு நேர்மாறு நடந்தது. மேற்கே பாய்ந்த நீரை 1895-இல் கிழக்கே திருப்பி வைகைக்குத் தந்தனர். ஒரே மலைத்தொடர்; இங்கே உழவன் இழந்தான், அங்கே உழவன் பெற்றான்.

வாகட்டின் தென் எல்லையில் ஓடுவது அந்த மூளா. வட எல்லைப் பக்கம் ஓடுவது பவனை. இரண்டும் தாபோடியில் கூடி, முட்டாவைச் சேர்ந்து, பீமா வழியாகக் கிருஷ்ணையை அடைகின்றன. அக்கிருஷ்ணையில் தன் பங்கிலிருந்து 5 டி.எம்.சி. நீரைச் சென்னைக்குத் தர மகாராட்டிரம் 1976-இல் இசைந்தது. கர்நாடகமும் ஆந்திரமும் அவ்வளவே தர இசைந்தன. 1996-இல் அந்நீர் பூண்டிக்கு வந்தது. சென்னையில் உள்ள நம் உறவினர் வீட்டுக் குழாயிலும் மாவள் மழையின் ஒரு துளி இருக்கக்கூடும் என்று வண்டியை ஓட்டியவாறே கணக்கிட்டு மகிழ்ந்தோம். தனியே செல்வோருக்கு இத்தகைய கணக்குகளுக்கு நேரம் நிறைய உண்டு.

கோட்டவடே தாண்டி மாண் வந்ததும் வயல் முடிந்து கட்டடம் தொடங்கிவிட்டது. ஹிஞ்சவடியில் அலுவலகம் விடும் நேரம். கடைசி எட்டுக் கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி ஆயிற்று.

செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். ஆடி, ஆவணியில் மழை கடுமையாக இருக்கும். மலைச்சாலைகளில் மூடுபனியும் உண்டு. புரட்டாசி நடுவிலிருந்து ஐப்பசி முடிவு வரை உகந்த காலம். சனி, ஞாயிறு தவிர்க்கவும். பெட்ரோலைக் காம்ஷேத்திலேயே நிரப்பிக்கொள்க. வயலுள் இறங்கும் முன் கேளுங்கள். வரப்பு மண்தான், மிதித்தால் உடையும். ஏரியில் இறங்க வேண்டாம், ஆழம் தெரியாது.

அரிசியை அறுவடைக்குப் பின்னர் உழவரிடமே வாங்கலாம். கார்த்திகையில் வந்தால் ஒரு மூட்டை தருவதாக அம்முதியவர் சொல்லியிருக்கிறார். சங்கத்துக் குடும்பங்களில் வேண்டுவோர் பெயர் கொடுத்தால் சேர்த்தே எடுத்து வருவோம். புத்தரிசியாதலால் உலையில் தண்ணீரைக் குறைத்து வையுங்கள்; இல்லாவிடில் கஞ்சியாகிவிடும்.